வாளைக்கு மீசை வரைந்த டாக்டர்!

ரீல்ஸில் ஒருமுறை மீன்பிடி வீடியோ பார்த்துட்டீங்கன்னா போதும், அடுத்த ஒரு வாரம் உங்க போனில் அதேதான் ஓடும். இந்தியா-நேபாள எல்லையில் இருக்கும் காளி ஆற்றில், எழுபது கிலோவைத் தாண்டிய 'கூஞ்ச்' கெளுத்தியை ராடு வளைய வளைய இழுத்துக் கரையேற்றுவார் ஒரு வெள்ளைக்காரர். 'ரிவர் மான்ஸ்டர்ஸ்' நிகழ்ச்சியால் உலகம் முழுக்கப் பேசப்பட்ட மீன் அது. அதைப் பார்த்துட்டு ஆன்லைனில் ராடும் ரீலும் ஆர்டர் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வன்னியம்பட்டி பக்கம் ஏதோ ஒரு கண்மாய்க் கரையில் போய் நிற்கிறீங்க. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மேற்கே மலை, கீழே தண்ணீர். தூண்டிலில் மாட்டுவது என்னவோ உள்ளங்கை அளவு ஜிலேபி மீன்தான்.

பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? இந்தக் கேள்வியைச் சுமார் 150 வருஷத்துக்கு முன்னாடியே, அதுவும் அரசாங்கக் கடிதமாகவே எழுதிக் கேட்ட ஒருத்தர் இருந்தார். பேர் பிரான்சிஸ் டே. இந்திய மீன்களைப் பற்றி எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், மீனின் அறிவியல் பெயருக்குப் பின்னால் 'டே' என்று அடிக்கடி கண்ணில் படும். மீன்தொட்டிக்காரர்கள் 'மிஸ் கேரளா' என்று ஆசையாக வாங்கும் சிவப்புக் கோடு போட்ட மீன் இருக்கே, அதை 1865-ல் முதன்முதலாக விவரித்துப் பெயர் வைத்தவர் இவர்தான். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த டெனிசனின் பெயரை அந்த மீனுக்குச் சூட்டினார்.

டே மீன் படிக்க வந்தவர் இல்லை. 1829-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தார். லண்டனில் மருத்துவம் படித்தார். 1852-ல் சென்னை ராணுவத்தில் உதவி சர்ஜனாகச் சேர்ந்தார். பர்மா போருக்கு அனுப்பினார்கள். பிறகு கொச்சிக்கு வந்தார். காயல், கடல், ஆறு மூன்றும் கைகோக்கும் ஊர். அங்கே ஒரு டாக்டருக்கு மீன் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த ஊரின் வரலாற்றை 1863-ல் ஒரு புத்தகமாக எழுதினார். இரண்டே வருடத்தில் மலபார் மீன்களைப் பற்றி இன்னொன்று. அதோடு டாக்டர் வேலை பின்னுக்குப் போனது, மீன் முன்னுக்கு வந்தது.

எல்லாமே வெற்றி என்று நினைக்காதீங்க. இங்கிலாந்தில் இருந்து டிரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நீலகிரி ஓடைகளில் பொரிக்க வைக்க முயன்றார். முட்டைகள் பிழைக்கவில்லை. டிரவுட் ஊட்டியில் நிலைத்தது அவர் காலத்துக்குப் பிறகுதான். வீட்டிலும் நிம்மதி இல்லை. இரண்டு முறை திருமணம் செய்தார். இரண்டு மனைவியரையும் சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து இழந்தார்.

கண்மாய்க் கரையில் நிற்கும் உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கட்டம் இனிமேல்தான். இந்தியாவின் மீன்வளத் துறைக்கே தலைமை அதிகாரியாக டேயை நியமித்தார்கள். ஆற்றிலும் குளத்திலும் மீன் குறைகிறதா, ஏன் குறைகிறது என்று கண்டுபிடிப்பது வேலை. அவர் ஆற்றங்கரையோடு நிற்கவில்லை. கலெக்டர்களிடம் கேட்டார், தாசில்தார்களிடமும் கேட்டார். உங்கள் பகுதியில் மீன் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? வலையின் மிகச் சின்னக் கண் எவ்வளவு? மீன்குஞ்சுகளைப் பிடிக்கிறார்களா? தண்ணீரில் நஞ்சு கலக்கிறார்களா? வந்த பதில்களை எல்லாம் தொகுத்து 1873-ல் அறிக்கையாகப் போட்டார். நாடு முழுக்க ஒரு 'கூகுள் ஃபார்ம்' அனுப்பின மாதிரிதான், போனது மட்டும் தபால்ல!

பதில்களில் இருந்து அவருக்குக் கிடைத்த சித்திரம் நல்லதாக இல்லை. கண் சிறுத்த வலைகளில் குஞ்சுகள் கூடை கூடையாகப் போய்க்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம் அணைகள். ஆர்தர் காட்டன் 1836-ல் கொள்ளிடத்தில் கட்டிய அணைகள் தஞ்சாவூர் வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்தன, சரி. ஆனால் கடலில் இருந்து முட்டையிட ஆறேறி வரும் உல்லம் மீன், அதாவது ஹில்சா, சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அங்கேயே வலை போட்டால் அள்ளிவிடலாம். மீன் ஏறிப்போக அணையில் வழி விடுங்கள் என்று டே வற்புறுத்தினார். அணை கட்டும் இன்ஜினீயர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்களே யோசிச்சுக்கோங்க. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபோது காவிரியில் உல்லத்தின் கதை கிட்டத்தட்ட முடிந்தே போனது.

இதே கவலையில் டேக்குக் கூட்டாளியாக ஒருத்தர் கிடைத்தார். அவர்தான் ராடு, ரீல் ஆசாமி. ஹென்றி சல்லிவன் தாமஸ், சென்னை மாகாண சிவில் சர்வீஸ் அதிகாரி. தென்கனரா மாவட்டத்தில் இருந்தபோதே மீன் வளர்ப்பு பற்றி 1870-ல் அறிக்கை எழுதியவர். இந்தியாவில் தூண்டில் போடுவது எப்படி என்று அவர் எழுதிய 'தி ராட் இன் இந்தியா' 1873-ல் மங்களூரில் அச்சானது. பிற்பாடு தஞ்சாவூர்ப் பக்கமும் வேலை பார்த்தார். ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-ல் தனியாக ஒரு புத்தகம் போட்டார். கார்பன் ராடு, பிரெய்டு லைன் எல்லாம் கனவிலும் இல்லாத காலம் அது. மூங்கில் கம்பு, பட்டு நூல், பட்டுப்புழுவின் சுரப்பியில் இருந்து இழுத்த நரம்பு, இவ்வளவுதான் சரக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாளையோடு மல்லுக்கட்டுவதை நினைச்சுப் பாருங்க. தென்கனரா ஆற்று மீன் ஒன்றுக்கு 1874-ல் தாமஸின் பெயரையே வைத்தார் டே.

வாளை என்றதும் கடல் வாளையை நினைக்காதீங்க. இது ஆத்து வாளை. அறிவியல் பெயர் 'வாலாகோ அட்டு'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, 'வாளை'யும் 'ஆத்து'ம் காதில் விழுகிறதா? ஆறடியைத் தாண்டியும் வளரக்கூடிய மீன். வாய்ப்பிளப்பு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். பிடித்தால் விடாத பல். ராத்திரியில்தான் வேட்டை. வெள்ளைக்காரர்கள் நன்னீர்ச் சுறா என்றே கூப்பிட்டார்கள். நைலான் நூலைக் கடித்துத் துப்பிவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே ஸ்டீல் லீடர் இல்லாமல் இதற்குத் தூண்டில் போடவே கூடாது. நம்ம கண்மாய்களில் விராலும் சின்னக் கெளுத்தியும்தான் அதிகம். பெரிய வாளை வேணும்னா மேட்டூர் மாதிரி பெரிய நீர்த்தேக்கமாகத் தேடிப் போகணும். இன்றைக்கு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் வாளை 'அழிய வாய்ப்புள்ள' இனம்.

டே 1877-ல் ஓய்வுபெற்று இங்கிலாந்தில் செல்டன்ஹாம் ஊருக்குப் போனார். அவருடைய பெரிய படைப்பான 'தி ஃபிஷஸ் ஆஃப் இந்தியா' 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்தது. கிட்டத்தட்ட 200 பக்கம் முழுக்கப் படங்களே. செதிலும் மீசையும் எண்ணி எண்ணி வரையப்பட்டவை. பெயர்களையும் அவர் விடவில்லை. தமிழில் என்ன சொல்வார்கள், தெலுங்கில் என்ன சொல்வார்கள் என்று மீனுக்கு மீன் குறித்து வைத்தார். மீனவர்கள் வாயில் கேட்டதை ஆங்கில எழுத்தில் அவர் எழுதியிருப்பது சில இடங்களில் சிரிப்பை வரவழைக்கும். ஆனாலும் அதை எழுதிவைக்கணும்னு தோணுச்சே, அதுக்கே ஒரு சல்யூட்.

இவ்வளவு செய்தவருக்குச் சொந்த ஊரில் ராஜமரியாதை கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் மீன்களுக்குப் பொறுப்பாக இருந்த ஆல்பர்ட் குந்தருக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது. ஒருவர் செய்த அடையாளத்தை இன்னொருவர் தப்பென்பார். 1883-ல் லண்டனில் நடந்த சர்வதேச மீன்வளக் கண்காட்சியில் இந்தியப் பகுதி டேயின் பொறுப்பில் இருந்தது. அந்தச் சமயத்தில் தன் சேகரிப்பில் ஒரு பெரிய பங்கை அவர் சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்கு விற்றார். நம்ம ஆற்று மீன்களைப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் சிட்னிக்கு விமானம் ஏறுவது இந்தச் சண்டையால்தான் என்றால் பாதி உண்மை. கடைசியில் கோபம் ஆறியதோ என்னவோ, சாகும் வருடத்தில் மிச்ச மீன்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே போய்ச் சேர்ந்தன. 1400-க்கும் மேற்பட்ட இனங்களை விவரிக்கும் அவருடைய இரண்டு தொகுதிகளும் அந்த 1889-ல்தான் வெளிவந்தன. அதே ஆண்டு ஜூலையில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

அவர் கேட்ட சட்டம் வர மேலும் எட்டு வருடம் ஆனது. 1897-ன் இந்திய மீன்வளச் சட்டம், வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. வலைக்கண்ணின் அளவைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது. தோட்டா போட்டு மீன் பிடித்தவர்கள் கைது என்று இன்றைக்கும் செய்தி வருகிறதே, அதன் வேர் இங்கே இருக்கிறது.

டே பார்க்காத ஒரு வில்லனும் இப்போ தண்ணிக்குள்ள இருக்கான். ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கத் தடை உண்டு. ஆனாலும் பண்ணையில் இருந்து தப்பி கண்மாய்க்கு வந்துவிடுகிறது. ராடில் மாட்டினால் நல்லா இழுக்கும், ஃபோட்டோவுக்கும் கம்பீரமாக இருக்கும். வாளையா இதுவா என்று குழம்பினால் முதுகைப் பாருங்க. வாளைக்கு முதுகில் பேருக்கு ஒரு குட்டித் துடுப்பு, ரெண்டு ஜோடி மீசை. ஆப்பிரிக்கனுக்கு முதுகுத் துடுப்பு வால் வரைக்கும் நீளும், மீசை நாலு ஜோடி. வாளைக் குஞ்சு மாட்டினால் முள்ளை மெதுவாகக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுடுங்க. ஆப்பிரிக்கனைத் திரும்ப விடவே விடாதீங்க.

அப்புறம், செண்பகத்தோப்புப் பக்கம் ராடைத் தூக்கிக்கிட்டுப் போயிடாதீங்க. அந்த மலை 2021-ல் இருந்து புலிகள் காப்பகம். கண்மாய்க்குப் போறதா இருந்தாலும், இந்த வருஷம் மீன்பாசி ஏலம் எடுத்தவர் யாருன்னு முதல்ல டீக்கடையில் கேட்டு, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்குங்க.