ஹெர்பார்ட்: உபாத்தியாயர்களின் உபாத்தியாயர்

உபாத்தியாயர் தொழிலுக்குத் தனிப் பயிற்சி வேண்டுமென்பதை இன்று மறுப்பார் எவருமிலர். ஆனால் 200 வருஷங்களுக்கு முன், விஷயம் தெரிந்தவனுக்குக் கற்பிக்கவும் தெரியும் என்பதே கற்றோரின் கொள்கையாக இருந்தது. ஜெர்மன் நாடுகளில் மதசாஸ்திரம் படித்துத் தேறிய வாலிபர்கள், பாதிரி உத்தியோகம் கிடைக்கும் வரையில் பள்ளிக்கூடத்தில் காலந்தள்ளுவது சர்வசாதாரணம். போதனைக்கும் ஒரு சாஸ்திரம் உண்டு, அதைச் சர்வகலாசாலையிலேயே கற்பிக்க வேண்டும், கற்றதைக் குழந்தைகள் நடுவே பரீக்ஷித்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் செய்துகாட்டிய சிலருள் முதன்மையானவர் யோஹான் பிரீட்ரிக் ஹெர்பார்ட். அவருடைய வாழ்க்கையில் கல்வித் துறையினர் மட்டுமன்றி, தேசத் தொண்டில் ஈடுபட்டோரும் சிந்திக்க வேண்டிய விஷயங்கள் உண்டு.

ஹெர்பார்ட் 1776-ல் வட ஜெர்மனியிலுள்ள ஓல்டன்பர்க் நகரில் பிறந்தார். தந்தை வக்கீல். சிறு வயதில் கொதிநீரில் விழுந்ததனால் பிள்ளையின் தேகம் நலிந்திருந்தது. ஆகவே பல வருஷங்கள் வீட்டிலேயே கல்வி நடந்தது. மகனுக்குத் துணையாயிருக்கும் பொருட்டுத் தாயாரும் கிரேக்க பாஷை கற்றாராம். 1794-ல் ஜேனா சர்வகலாசாலை சென்று, தத்துவ ஞானி பிஃக்டேயிடம் பயின்றார். மகன் சட்டம் படிக்க வேண்டுமென்பது தந்தையின் விருப்பம். மகனது மனமோ தத்துவத்தில் நின்றது.

1797-ல் அவர் சுவிட்ஸர்லாந்து சென்று, இண்டர்லாக்கன் பிரதேசத்தின் அதிகாரியாயிருந்த ஸ்டைகர் என்பவரின் 3 புதல்வர்களுக்கு வீட்டு உபாத்தியாயரானார். 2 மாதங்களுக்கு ஒரு முறை பிள்ளைகளின் முன்னேற்றத்தைப் பற்றித் தந்தைக்கு எழுத்து மூலம் அறிக்கை கொடுப்பது நிபந்தனை. அவ்வறிக்கைகளில் 5 இன்றும் கிடைக்கின்றன. மூவரும் வெவ்வேறு வயதினர், வெவ்வேறு இயல்பினர். ஒருவனுக்குப் பிடித்த பாடம் மற்றவனுக்குக் கசந்தது. இவ்வேற்றுமைகளை உற்று நோக்கி, காரணம் ஆராய்ந்து, எழுதிவைத்த அந்தப் பழக்கமே பின்னர் அவர் அமைத்த சாஸ்திரத்துக்கு வித்தாயிற்று. 1799-ல் பர்க்டார்ப் என்னும் ஊரில் பெஸ்டலாஜி ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்வதை நேரிற் கண்டதும் அவரது மனத்தில் ஆழப் பதிந்தது.

1802-ல் கெட்டிங்கன் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று அங்கேயே போதிக்கத் தொடங்கினார். 1806-ல் அவரது கல்விச் சாஸ்திர நூல் வெளிவந்தது. அதே வருஷத்தில் பிரஷ்யா, ஜேனா யுத்தகளத்தில் நெப்போலியனிடம் படுதோல்வியடைந்தது. அடுத்த வருஷத்து உடன்படிக்கையில் ராஜ்யத்தில் ஏறக்குறையப் பாதி பறிபோயிற்று. பொக்கிஷம் காலி; தலைநகரில் அந்நியப் படை. அந்த நிலையில் பிரஷ்ய ராஜதந்திரிகள் கல்வியைச் சீர்திருத்த முற்பட்டனர். வில்ஹெல்ம் பான் ஹும்போல்ட் கல்வி இலாகாவின் பொறுப்பை ஏற்றார். வாலிபர்கள் சிலர் பெஸ்டலாஜியிடம் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். உயர்தரப் பள்ளிகளில் கற்பிக்க விரும்புவோர் தனிப் பரீக்ஷையில் தேற வேண்டுமென்று 1810-ல் சட்டம் பிறந்தது.

இம்முயற்சி நடந்த காலத்திலேதான், 1809-ல், ஹெர்பார்ட் கேனிக்ஸ்பர்க் சர்வகலாசாலைக்கு அழைக்கப்பட்டார். மகா தத்துவ ஞானி காண்ட் வகித்திருந்த பீடம் அவருக்குக் கிடைத்தது. காண்ட்டும் தமது முறை வந்தபொழுது அங்கே கல்வியைப் பற்றிச் சொற்பொழிவுகள் செய்ததுண்டு. ஆனால் சொற்பொழிவுடன் அது முடிந்தது. கேட்டவர் எதிரில் குழந்தைகள் இல்லை. ஹெர்பார்ட் 1810-ல் ஒரு போதனாமுறைப் பயிற்சிச் சாலையும், அதனுடன் இணைந்த சிறு பள்ளியும் ஏற்படுத்தினார். சர்வகலாசாலை மாணவர்கள் அவரிடம் சாஸ்திரம் கேட்பர். பிறகு அச்சிறு பள்ளியில் பாடம் நடத்துவர். நடத்தியதைப் பற்றி அவரோடு விவாதிப்பர். அவரும் குழந்தைகளுக்குக் கணிதம் போதித்தார். தத்துவப் பேராசிரியர் ஒருவர் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கௌரவக் குறைவாகக் கருதாதது அக்காலத்தில் பெரிய விஷயம்.

அவர் போதித்த தத்துவத்தின் சாரம் இது. குழந்தையின் மனம் காலிப் பாத்திரமன்று. ஏற்கெனவே அதிலுள்ள எண்ணங்களைப் பற்றிக்கொண்டுதான் புதிய எண்ணம் வேரூன்றும். ஆகையால் மாணவன் அறிந்தது எது என்பதை அறியாமல் பாடம் தொடங்கும் உபாத்தியாயர் பாறையில் விதைக்கிறார். ருசி பிறவாத இடத்தில் கல்வி நிலைக்காது. அறிவு வளர்ச்சியின் முடிவான பயன் நல்லொழுக்கமே. சாஸ்திரத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவே சமயோசித உணர்ச்சி என்று ஒன்று உண்டு. அதைப் புத்தகம் தராது, ஆனால் சாஸ்திரப் பயிற்சி அதைக் கூர்மையாக்கும் என்றும் அவர் கருதினார்.

1831-ல் ஹெகல் காலமானபின் பெர்லின் பீடம் தமக்குக் கிட்டுமென்று ஹெர்பார்ட் நம்பினார், கிட்டவில்லை. 1833-ல் கெட்டிங்கனுக்குத் திரும்பினார். கேனிக்ஸ்பர்க் பயிற்சிச் சாலை அவருக்குப் பின் நிலைக்கவில்லை.

இனிச் சொல்லவேண்டியது கசப்பான பகுதி. 1837-ல் ஹானோவர் அரசர் எர்ன்ஸ்ட் அகஸ்ட், 1833-ல் அளிக்கப்பட்ட அரசியல் சட்டத்தைச் செல்லாததென ரத்துச் செய்தார். கெட்டிங்கன் பேராசிரியர்களில் எழுவர், தாங்கள் அச்சட்டத்துக்குச் செய்த பிரமாணத்தை மீறமாட்டோம் என்று எழுதிக் கையொப்பமிட்டனர். கிரிம் சகோதரர்கள் அவர்களில் இருவர். எழுவரும் உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்டனர். மூவர் நாடு கடத்தப்பட்டனர். அப்பொழுது தத்துவப் பிரிவின் தலைவராயிருந்தவர் ஹெர்பார்ட். அவர் எழுவருடன் சேரவில்லை. அரசாங்கத்தின் பக்கமே நின்றார். மாணவர்கள் அவரை வெறுத்தனர். சர்வகலாசாலையின் வேலை வித்தையேயன்றி அரசியலன்று. கிளர்ச்சியில் இறங்கினால் வித்தைக்கே கேடு வரும் என்பது அவருடைய சமாதானம். அதை விளக்கி அவர் எழுதியது அவர் காலமான பின்பே அச்சேறியது. 1841-ஆம் வருஷம் ஆகஸ்டு 14-ந் தேதி அவர் உயிர் நீத்தார்.

அவரது சமாதானத்தை முற்றிலும் போலியென்று நாம் தள்ளவில்லை. கலாசாலைகளைக் கட்சிச் சண்டைக்கு இரையாக்கலாகாது என்பது நியாயமே. ஆனால் எழுவர் கேட்டது கட்சி லாபமன்று. கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் உரிமை. ஒழுக்கமே கல்வியின் முடிவு என்று ஆயுள் முழுவதும் போதித்தவர், ஒழுக்கத்துக்குச் சோதனை நேர்ந்த தினத்தில் ஒதுங்கி நின்றார். மாணவர்கள் அன்று கற்ற பாடம், அவர் வகுப்பில் சொன்ன எந்தப் பாடத்தையும்விட அழுத்தமானது.

அவருக்குப் பின் அவரது கொள்கை உலகெங்கும் பரவியது. லைப்ஸிக்கில் ஸில்லரும், ஜேனாவில் ஸ்டாயும் ரைனும் அதே மாதிரியில் பயிற்சிச் சாலைகளை நடத்தினர். சீடர்கள் அவர் வகுத்த 4 படிகளை விரித்து, ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுவிதி காணல், பிரயோகம் என 5 படிகளாக்கினர். 1895-ல் அமெரிக்காவில் அவர் பெயரால் தேசிய சங்கம் தோன்றியது. நமது நாட்டுப் பயிற்சிக் கலாசாலைகளிலும் தலைமுறை தலைமுறையாக உபாத்தியாயர்கள் இந்த 5 படிகளின்படியே பாடக் குறிப்பு எழுதினர். நாளடைவில் அது உயிரற்ற சடங்காகவும் ஆயிற்று. உபாத்தியாயரின் பங்கைப் பேசும் இம்முறை மாணவனது சுயமுயற்சியை மறந்தது என்று ஜான் டூயி 1916-ல் எழுதிய நூலில் கண்டித்தார். கண்டனம் நியாயமானதே.

எனினும் அடிப்படை உண்மை அழியவில்லை. தோல்வியுற்ற ஒரு நாடு, கையில் பணமில்லாத காலத்தில், உபாத்தியாயர்களைத் தயாரிப்பதை முதற் காரியங்களுள் ஒன்றாகக் கொண்டது. கற்பிக்கும் வித்தையைச் சர்வகலாசாலையில் கற்பிக்கலாம் என்று ஹெர்பார்ட் நிரூபித்தார். நெஞ்சுறுதியைப் பாடத்திட்டத்தில் சேர்க்க முடியாது என்பதையும் அவர் வாழ்க்கையே நிரூபித்தது. உபாத்தியாயர்களைத் தயாரிக்கும் தேசம் இவ்விரண்டையும் நினைவில் வைக்கவேண்டும்.