கடல் கடந்த மாணவனின் நகை

கணித மேதை சீனிவாச இராமானுசனின் வரலாற்றை எழுதுவோர் அவர் கண்ட எண்களின் விந்தையையே விரித்துரைப்பர். இங்கிலாந்தில் மாணவராய் வாழ்ந்த நாளில் அவர் ஒரு நகைச்சுவை நாடகம் கண்டு சிரித்தார் என்னும் செய்தி, அவ்வரலாறுகளின் ஓரத்தில் சிறு குறிப்பாகவே நிற்கிறது. அவர்தம் உள்ளத்தை அறிய அக்குறிப்பும் துணைசெய்யும்.

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து குடந்தையில் வளர்ந்தவர் இராமானுசன். கடல் கடத்தலைக் குற்றமெனக் கருதிய வைணவ அந்தணர் குடி அவருடையது. முதலில் மறுத்த அன்னையார், நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளாணை கனவில் கிடைத்ததென்று பின்னர் இசைந்தார் என்பர். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. குடுமியைக் களைந்து, மேனாட்டு உடை தரித்து, 1914 மார்ச் 17-ஆம் நாள் சென்னையில் கப்பலேறினார்.

கேம்பிரிட்சு டிரினிட்டி கல்லூரியில் பேராசிரியர் ஆர்டி அவரை வரவேற்றார். சில திங்களில் உலகப்போர் மூண்டது. கல்லூரி உணவை அவர் தொடவில்லை. அறையிலேயே தாமே சமைத்து உண்டார். குளிர் தாங்காமல் மேலங்கியோடும் சால்வையோடும் உறங்கினார். கட்டிலில் மடித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதை, உடன் பயின்ற மகலனோபிசு காட்டிய பின்னரே அறிந்தார். எண்களின் ஆழத்தை அளந்தவருக்கு ஒரு படுக்கையின் முறை புதிராயிருந்தது.

இத்தகைய தனிமைக்கிடையேதான் அந்த நாடகம் வருகிறது. பிராண்டன் தாமசு எழுதிய ‘சார்லியின் அத்தை’ 1892-இல் அரங்கேறி, இலண்டனில் தொடர்ந்து 1,466 முறை நடிக்கப்பெற்றது. ஆக்சுபோர்டு மாணவர் இருவர் தாம் விரும்பிய பெண்களை விருந்துக்கு அழைக்கின்றனர். மூத்த பெண்மணி ஒருத்தி உடனில்லாமல் அப்பெண்கள் வருதல் முறையன்று. பிரேசிலிலிருந்து வரவேண்டிய அத்தையோ வரவில்லை. ஆகவே நண்பன் ஒருவனுக்குப் பெண்ணுடை அணிவித்து அத்தையாக்குகின்றனர். உண்மையான அத்தையும் வந்து சேர, குழப்பம் பெருகுகிறது. இராமானுசன் கண்களில் நீர் வரும்வரை சிரித்தாராம்.

இதில் வியப்பதற்கொன்றும் இல்லை. குமரிப்பெண்கள் மூத்தோர் துணையின்றி வெளிச்செல்லலாகாது என்னும் கட்டுப்பாடு குடந்தைத் தெருவும் அறிந்ததே. ஆடவர் பெண்வேடம் புனைதலும் தமிழர்க்குப் பழக்கமே. தஞ்சைப் பகுதியின் மெலட்டூர்ப் பாகவத மேளாவில் பெண் பாத்திரங்களையும் ஆடவரே ஏற்பர். ஔவைக்குக் கோயிலெடுத்த நாஞ்சில் நாட்டார்க்கும் இது புதிதன்று. நம் கலைவாணர் சேர்ந்து வளர்ந்த நாடகக் குழுவின் சண்முகம், பிற்காலத்தில் மூதாட்டி ஔவையாய் மேடையேறி ‘ஔவை சண்முகம்’ என்றே பெயர்பெற்றார். அந்நிய மண்ணில், உடையும் உணவும் குளிரும் அயலாயிருந்த நிலையில், விளக்கம் தேவைப்படாத ஒன்றை இராமானுசன் அம்மேடையில் கண்டிருக்க வேண்டும்.

அச்சிரிப்பு நீடிக்கவில்லை. இல்லத்தில் மாமியார்க்கும் மருமகளுக்கும் பிணக்கு. மனைவி சானகி எழுதிய மடல்கள் அவரை அடையாவண்ணம் தடுக்கப்பட்டன. 1917-இல் நோயுற்று மருத்துவ இல்லங்களில் தங்கினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இலண்டன் சுரங்க இரயில் பாதையில் உயிர்விடவும் முயன்றார், நற்பேறாகக் காப்பாற்றப்பட்டார். அதே 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெருமைகள் வந்த ஆண்டும் வாழ்வு கசந்த ஆண்டும் ஒன்றாயின.

1919-இல் தாயகம் திரும்பினார். நோய்ப்படுக்கையிலும் கணிதத்தை விடவில்லை. 1920 சனவரியில் புதிய சார்புகளைக் குறித்து ஆர்டிக்கு மடல் எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். கடல் கடந்தவர் என்பதால் வைதிக உறவினர் பலர் ஈமச்சடங்கிற்கு வரவில்லை என்பர்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்து, அழுகையை அதன் அருகிலேயே வைத்தார். இராமானுசனின் வாழ்விலும் அவை அத்துணை அருகிலேயே இருந்தன. அவர் விட்டுச்சென்ற தேற்றங்களை உலகம் இன்றும் ஆராய்கிறது. அவற்றோடு, கடல் கடந்த ஊரில் தன் ஊரைக் கண்டாற்போல் சிரித்த அந்த இளைஞரையும் நாம் நினைவிற்கொள்ளல் தகும்.