நூல் பரப்ப முயன்ற பாவலர்

பழந்தமிழ்ப் புலவர்கள் முடியுடை வேந்தரையும் குறுநில மன்னரையும் பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்தனர். பிற்காலத்தே சமீன்தார்களும் மடங்களின் தலைவர்களும் புலவரைப் புரந்து வந்தனர். அச்சுப்பொறி நம் நாட்டிற் பரவிய பின்னர் இந்நிலை மெல்ல மாறலாயிற்று. புலவன் தன் நூலைத் தானே அச்சிட்டு, அதனை விலைகொடுத்து வாங்கும் பொதுமக்களை நம்பி வாழக்கூடும் என்னும் எண்ணம் தோன்றிற்று. அவ்வெண்ணத்தை உறுதியாகப் பற்றி, அதன்பொருட்டு உழைத்து, அதன் பயனைத் தம் வாழ்நாளிற் காணாமலே மறைந்தவர் சுப்பிரமணிய பாரதியார்.

பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள், எட்டயபுரத்தில், சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே பாப்புனையும் ஆற்றல் வாய்க்கப்பெற்று, பாரதி என்னும் பட்டமும் பெற்றார். தந்தையார் பருத்தி ஆலை ஒன்று நடத்தும் முயற்சியில் பொருளிழந்து, 1898ஆம் ஆண்டிற் காலமானார். அதன்பின் பாரதியார் காசியிற் சில ஆண்டுகள் கல்வி பயின்றார். எட்டயபுரம் அரண்மனையிலும் சிறிது காலம் பணியாற்றினார். 1904ஆம் ஆண்டில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிற் சில திங்கள் தமிழாசிரியராய் இருந்து, அவ்வாண்டின் இறுதியிற் சென்னை சென்று, 'சுதேசமித்திரன்' நாளிதழில் துணையாசிரியராய் அமர்ந்தார். பின்னர் 'இந்தியா' என்னும் வார இதழையும் நடத்தலானார்.

இதழ்ப்பணி பாரதியாருக்கு ஓர் உண்மையை உணர்த்திற்று. ஏட்டிலே உறங்கும் பாட்டு ஒரு சிலர்க்கே பயன்படும். அச்சேறி ஊர்தோறும் செல்லும் பாட்டோ நாட்டையே விழித்தெழச் செய்யும். 1907ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்றாகும். சென்னையிற் புகழ்பெற்ற வழக்கறிஞராய் விளங்கிய வி. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதக் கட்சியைச் சார்ந்தவர். பாரதியாரோ தீவிரக் கட்சியினர். எனினும், பாரதியாரின் தேசியப் பாடல்களைக் கேட்டு உள்ளம் உருகிய ஐயர், அவற்றுள் மூன்றனைத் தம் செலவிலேயே பதினையாயிரம் பிரதிகள் அச்சிடுவித்து, விலையின்றி வழங்கினார். அடுத்த ஆண்டில், அஃதாவது 1908ல், பாரதியாரின் 'சுதேச கீதங்கள்' நூல்வடிவிற் புறப்பட்டது.

அவ்வாண்டிலேயே இடையூறும் சூழ்ந்தது. ஆங்கில அரசின் அடக்குமுறைக்கு உட்படாதிருக்கும் பொருட்டுப் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். ஆண்டும் அவர் எழுதுகோல் ஓயவில்லை. 'ஜன்ம பூமி' 1909ஆம் ஆண்டிலும், 'கனவு' 1910ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஆயின், 1911ஆம் ஆண்டிற் சென்னை அரசாங்கம் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' என்னும் இரு நூல்களுக்கும் தடை விதித்தது. ஆக்கியோன் இருந்த இடம் ஒன்று. அவன் நூலை வாங்குதற்குரியோர் வாழ்ந்த இடம் மற்றொன்று. இரண்டிற்கும் இடையே அரசாங்கத்தின் ஆணை மதில்போல் நின்றது.

இத்தகைய நிலையிலும் பாரதியார் தம் நூல்களைப் படிக்கத்தக்கோர் யாவர் என்பதனை ஆழ்ந்து எண்ணினார். 1912ஆம் ஆண்டிற் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகத்தை வெளியிட்டபோது, எளிய சொற்களும், எளிய நடையும், பொதுமக்கள் விரும்பும் மெட்டும் கொண்டு காவியம் இயற்றுதலே தமிழுக்கு உயிர் தரும் செயலாகும் என்னும் தம் கருத்தை முகவுரையில் எடுத்துரைத்தார். ஓரிரண்டு ஆண்டே எழுத்துப் பயிற்சி பெற்றவரும் படித்துப் பொருள் உணர வேண்டும் என்பது அவர் குறிக்கோள். எனினும், அக்காவியத்தின் இரண்டாம் பாகம் அவர் மறைந்த பின்னரே அச்சேறிற்று.

பாரதியாருக்கு உற்ற துணையாய் வாய்த்தவருள் ஒருவர் பரலி சு. நெல்லையப்பர். அவர் 1917ஆம் ஆண்டிற் 'கண்ணன் பாட்டு', 'பாப்பாப் பாட்டு', 'முரசு' முதலியவற்றைச் சிறுசிறு நூல்களாகச் சென்னையில் வெளியிட்டார். ஆசிரியர் புதுச்சேரியை விட்டு வெளிவர இயலாத காலத்தே, அவருடைய பாடல்கள் இங்ஙனம் தமிழ்மக்களை அடைந்தன. கடல் கடந்த நாட்டிலும் அவர் நூல் அச்சாயிற்று. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர் 1914ஆம் ஆண்டிலேயே 'மாதா மணிவாசகம்' என்னும் நூலை வெளியிட்டனர்.

1918ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் பாரதியார் புதுச்சேரியினின்று நீங்கினார். கடலூருக்கு அருகே சிறைப்படுத்தப்பட்டுச் சில நாள்களுக்குப் பின் விடுதலை பெற்று, மனைவியார் செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் தங்கினார். வறுமை அவரை வாட்டிற்று. 1919ஆம் ஆண்டில் எட்டயபுரத்துச் சமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதி உதவி வேண்டினார். புலவர் வள்ளலை நாடும் பழைய நெறி அஃது. ஆனால், அவர் கருதிய பயன் கிட்டவில்லை.

அதன்பின் அவர் நாடியது வள்ளல் ஒருவரையன்று, தமிழ்மக்கள் அனைவரையுமே. 1920ஆம் ஆண்டு சூன் திங்களிற் கடையத்திலிருந்து நண்பர் பலர்க்கும் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். தாம் புதுச்சேரியில் இருந்த காலத்தில் எழுதிக் குவித்த கையெழுத்துப் பிரதிகளை நாற்பது நூல்களாகப் பகுத்து வெளியிடுதல். ஒவ்வொரு நூலுக்கும் முதற்பதிப்பாகப் பதினாயிரம் பிரதிகள் அச்சிடுதல். அதற்குத் தொடக்கத்தில் வேண்டப்படும் இருபதினாயிரம் ரூபாயை நண்பரிடத்துக் கடனாகப் பெறுதல் என்பன அத்திட்டத்தின் கூறுகளாம். நாற்பது நூல்களின் பிரதிகளையும் கூட்டினால் நான்கு இலட்சமாகும். கடன் தருவோர் ஒவ்வொருவரும் நூறு ரூபாயேனும் அனுப்புதல் வேண்டும். அதற்கு முத்திரைத்தலை ஒட்டிய பத்திரமும், மாதந்தோறும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டியும் தரப்படும் என்று உறுதி கூறினார். ஓரிரண்டு ஆண்டில் ஒன்றரை இலட்சம் ரூபாய் ஆதாயம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

இத்திட்டத்திற் கருதத்தக்கது ஒன்று உண்டு. பாரதியார் இரவலராய்க் கை ஏந்தவில்லை. முதல் வேண்டும் தொழில்முனைவராய் நின்று, பத்திரமும் வட்டியும் தர முன்வந்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் செல்வர், வறியர் என்னும் வேறுபாடின்றி எல்லார் இல்லங்களிலும் புகுவதுபோலத் தம் நூல்களும் தமிழ்நாட்டில் விற்பனையாகும் என்று அவர் நம்பினார். நூல் என்பது கற்றோர் சிலரின் பேழையில் வைத்துப் போற்றப்படும் பொருளன்று, அன்றாட வாழ்விற்கு வேண்டப்படும் பொருளே என்பது அவர் கொள்கை.

அந்தோ! வேண்டிய பொருள் வந்து சேரவில்லை. அக்காலத்தே நம் நாட்டில் எழுத்தறிந்தோர் மிகச் சிலர். அவருள்ளும் நூல்களை விலைகொடுத்து வாங்குவோர் மிகமிகச் சிலர். அரசாங்கத்தின் சினத்திற்கு ஆளானவர்க்குத் துணைநிற்கப் பலர் அஞ்சினர். கையெழுத்துப் பிரதிகள் கையெழுத்துப் பிரதிகளாகவே கிடந்தன. பாரதியார் அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் 'சுதேசமித்திர'னிற் பணி ஏற்றுச் சென்னை சென்றார். 1921ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், முப்பத்தொன்பது ஆண்டும் நிரம்பா முன்னரே, திருவல்லிக்கேணியில் உயிர் நீத்தார். அவர்தம் இறுதி ஊர்வலத்திற் சென்றவர் மிகச் சிலரே.

கவிஞர் மறைந்தார், அவர் தொடங்கிய பணி மறையவில்லை. செல்லம்மாள் தம் கணவரின் நூல்களை வெளியிடுதற்கு முற்பட்டு, 1922ஆம் ஆண்டிற் 'சுதேச கீதங்க'ளை வெளிக்கொணர்ந்தார். பின்னர்ப் பாரதியாரின் தம்பி சி. விசுவநாதன் முதலியோர் பாரதி பிரசுராலயம் என்னும் நிலையத்தை அமைத்து, நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பதிப்பித்தனர். 1928ஆம் ஆண்டிற் பர்மா அரசாங்கம் பாரதி பாடல்களுக்குத் தடை விதிக்க, சென்னை அரசாங்கமும் அதனைப் பின்பற்றிப் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் அதனைக் கண்டித்து முழங்கினார். தடையால் பாடல்களின் புகழ் குன்றவில்லை; முன்னினும் மிகுதியாயிற்று.

நாடு விடுதலை பெற்ற பின்னர், 1949ஆம் ஆண்டில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராய் இருந்தபோது, சென்னை மாகாண அரசு பாரதியார் நூல்களின் உரிமையைப் பெற முன்வந்தது. 1955ஆம் ஆண்டில் அவ்வுரிமை மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கப்பட்டது. அதுமுதற் பதிப்பாளர் பலரும் பாரதியார் நூல்களைக் குறைந்த விலையில் அச்சிடலாயினர். நான்கு இலட்சம் பிரதிகள் விற்கும் என்று அவர் கணக்கிட்டபோது அதனை நம்பியவர் அரியர். இன்றோ அவர் பாடல்கள் சிற்றூரிலும் பேரூரிலும் இல்லந்தோறும் வழங்குகின்றன.

பாரதியாரின் கணக்கு பிழைபடவில்லை, காலந்தான் பிந்திற்று. நூறு ரூபாய் தருவோர் இருநூற்றுவர் அன்று முன்வந்திருப்பின், அவர் தம் நூல்களைத் தம் கண்ணாலேயே அச்சிற் கண்டு மகிழ்ந்திருப்பார். நல்ல நூலை ஆக்குதல் புலவன் கடன். அவன் வாழும் நாளிலேயே அதனை வாங்கிப் படித்துப் போற்றுதல் நாட்டு மக்களின் கடன். இவ்விரண்டனுள் பாரதியார் தம் கடனை நிறைவுறச் செய்து சென்றார்.