5 டாலருக்கு விற்ற போர்வை... அதைப் பார்க்கத் திரும்பத் திரும்ப வந்த ஹேரியட் பவர்ஸ்!

போன்ல ஒரு போட்டோ எடுக்குறீங்க. ஸ்டேட்டஸ்ல போடும்போது, எங்க எடுத்தது, கூட யார் இருக்காங்கன்னு கீழ ஒரு வரி எழுதிடுவீங்க இல்லையா? அந்த வரி இல்லைன்னா, தெரியாதவங்களுக்கு அது வெறும் படம்தான். இந்த ஒரு வரியோட அருமையை 130 வருஷங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுவெச்சிருந்த ஒரு பெண்மணியைப் பத்தித்தான் இப்போ படிக்கப்போறீங்க. அவங்ககிட்ட போன் இல்லை. ஊசி, நூல், கொஞ்சம் வெட்டுத்துணி... அவ்வளவுதான்.

அவங்க பேர் ஹேரியட் பவர்ஸ். 1837-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தாங்க. பிறக்கும்போதே அடிமை. அன்னைக்கு ஜார்ஜியாவில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே சட்டப்படி குற்றம். ஆனா, ஊசி பிடிக்க யாரும் தடை போடலை. தைக்கத் தெரிஞ்ச அடிமைப் பெண்கள் எஜமானர் வீட்டுக்கு உழைச்சது போக, கிடைச்ச நேரத்தில் தங்கள் பிள்ளைகளுக்குப் போர்வையும் தைச்சுக்கிட்டாங்க.

1855-ல் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸோடு கல்யாணம். அடுத்தடுத்து குழந்தைகள். 1865-ல் உள்நாட்டுப் போர் முடிஞ்சு விடுதலை கிடைச்சது. 1880-களில் இந்தத் தம்பதி சொந்தமா 4 ஏக்கர் நிலம் வாங்கினாங்க. அடிமையா இருந்த குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

துணியில் எழுதின கதை

அமெரிக்காவில் ‘க்வில்ட்’ ரொம்பப் பிரபலம். மேல ஒரு துணி, நடுவுல பஞ்சு, கீழ ஒரு துணி. மூணும் விலகாம இருக்க ஊடுதையல் போடுவாங்க. பல பேர் மேல்துணியைச் சதுரம், முக்கோணம்னு பிட்டுத் துணிகளை இணைச்சுத் தைப்பாங்க. நம்ம ஊர்ல பேட்ச்வொர்க்னு சொல்றோமே, அதேதான்.

ஹேரியட் இன்னும் ஒரு படி மேல போனாங்க. மனுஷங்க, மிருகங்க, சூரியன், நட்சத்திரம்னு துணியில் உருவங்களா வெட்டி, பெரிய துணி மேல வெச்சு, ஓரத்தை மடிச்சுத் தைச்சாங்க. அப்ளிக் வேலைன்னு சொல்வாங்களே, அது. கைத்தையலோட தையல் மெஷினையும் பயன்படுத்தினாங்க. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்னைக்கு பெனின்னு சொல்ற நாட்டில், துணியில் உருவம் வெட்டித் தைச்சுக் கதை சொல்ற பழைய கலை ஒண்ணு உண்டு. ஹேரியட்டோட வேலைக்கும் அதுக்கும் இருக்கும் ஒற்றுமையை ஆய்வாளர்கள் பலர் சுட்டிக்காட்டியிருக்காங்க.

இப்படி அவங்க தைச்ச பைபிள் க்வில்ட்டில் 11 கட்டங்கள். ஆதாம் ஏவாள், காயீன் ஆபேல், யாக்கோபு கண்ட ஏணி, கடைசி இராப்போஜனம்னு கட்டத்துக்கு ஒரு கதை. அதை 1886-ல் ஏதென்ஸ்ல நடந்த பருத்திக் கண்காட்சியில் வெச்சாங்க.

10 டாலர் கேட்டாங்க, 5 கிடைச்சது

அங்கே அதைப் பார்த்தவங்களில் ஒருத்தர் ஜென்னி ஸ்மித். அந்த ஊர் பெண்கள் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த வெள்ளையின ஆசிரியை. பார்த்ததும் அசந்துபோய், ஹேரியட்டைத் தேடிப் பிடிச்சு விலைக்குக் கேட்டாங்க. எவ்வளவு கொடுத்தாலும் விற்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க ஹேரியட்.

சில வருஷம் போச்சு. குடும்பத்தில் பணக்கஷ்டம். க்வில்ட்டை விற்கத் தயார்னு ஹேரியட்டே சொல்லி அனுப்பினாங்க. அப்போ ஜென்னி கையில் காசில்லை. அடுத்த வருஷம் ஜென்னி கூப்பிட்டு அனுப்ப, ஹேரியட் மாட்டு வண்டியில் வந்து இறங்கினாங்க. மடியில், அழுக்குப் படாம சாக்கில் சுத்தின க்வில்ட். கேட்ட விலை 10 டாலர். ஜென்னியால் கொடுக்க முடிஞ்சது 5 டாலர். கணவரும் வாங்கிக்கச் சொல்ல, மனசே இல்லாம சம்மதிச்சாங்க ஹேரியட்.

இங்கேதான் ஹேரியட் ஒரு காரியம் பண்ணாங்க. காசை வாங்கிட்டுப் பேசாம கிளம்பிடலை. க்வில்ட்டை விரிச்சு, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கு, எதுக்கு இருக்குன்னு ஜென்னிக்கு விளக்கமா சொல்லிக்கொடுத்தாங்க. ஓவியம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் அன்னைக்கு மாணவியா உட்கார்ந்து கேட்டு, எல்லாத்தையும் எழுதிவெச்சுக்கிட்டாங்க.

அதோட முடியலை. வித்த பிறகும் பலமுறை ஜென்னி வீட்டுக்கு வந்து, பெத்த பிள்ளையைப் பார்த்துட்டுப் போற மாதிரி அந்த க்வில்ட்டைப் பார்த்துட்டுப் போனாங்க ஹேரியட்.

கேள்விப்பட்டதும் தைக்கப்பட்டது

1895-ல் அட்லாண்டாவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஜென்னி அந்த க்வில்ட்டை வெச்சாங்க. அந்த வருஷங்களில் ஹேரியட் இன்னொரு க்வில்ட் தைச்சாங்க. இதில் 15 கட்டங்கள். பைபிள் கதைகளோடு, ஊர் ஜனங்க வாய்வழியா சொல்லிச் சொல்லி வந்த நிஜ சம்பவங்களும் உண்டு.

1780-ல் பட்டப்பகலில் வானம் இருட்டின நாள், 1833 நவம்பரில் எரிகற்கள் மழையாக் கொட்டின இரவு... ரெண்டுமே ஹேரியட் பிறக்குறதுக்கு முன்னாடி நடந்தவை. 1895-ன் கடுங்குளிர் அவங்க காலத்தில் வந்தது. அந்தக் கட்டத்தில் ஜெபம் பண்ணும்போதே உறைஞ்சுபோன பெண்ணும், மூச்சுக்காத்து பனியா தொங்குற கோவேறு கழுதையும் இருக்காங்க. ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வரைக்கும் 500 மைல் ஓடின பெட்ஸ்ங்கிற பன்றிக்கும் ஒரு இடம் கொடுத்திருக்காங்க. அடிமை வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடினவங்களோட கதையைத்தான் அது மறைமுகமா சொல்லுதுன்னு நினைக்கிறவங்களும் உண்டு.

இந்த க்வில்ட் ஒரு பாதிரியார் குடும்பத்துக்குப் போச்சு. அதோடும் ஒவ்வொரு கட்டத்துக்கான விளக்கம் சேர்ந்தே போச்சு. அது இல்லைன்னா, அந்தப் பன்றியோட பேர்கூட இன்னைக்கு நமக்குத் தெரிஞ்சிருக்காது!

கடைசி வருஷங்கள் ஹேரியட்டுக்குச் சுலபமா இல்லை. நிலம் கொஞ்சம் கொஞ்சமா கைவிட்டுப் போச்சு. கணவரும் பிரிஞ்சு போயிட்டார். தையலை வெச்சே காலத்தை ஓட்டி, 1910 ஜனவரி 1-ல் இறந்துபோனாங்க. கல்லறை எங்கேன்னுகூட ரொம்ப நாள் தெரியலை. 2005-ல்தான் ஏதென்ஸ் மயானத்தில் கண்டுபிடிச்சாங்க. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னே பல வருஷம் எழுதிட்டிருந்தாங்க. பிறகு, 1896-ல் அவங்க எழுதின ஒரு கடிதத்தோட நகல் வெளியே வந்தது. அவங்களுக்குப் படிக்கத் தெரியும், இந்த ரெண்டைத் தவிர வேற க்வில்ட்களும் தைச்சிருக்காங்கன்னு அது சொன்னது. அந்த மத்த க்வில்ட்கள் இன்னைக்கு இல்லை.

பைபிள் க்வில்ட் இப்போ வாஷிங்டனில், அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கு. இன்னொண்ணு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். 2021-ல் பாஸ்டனில் நடந்த கண்காட்சியில்தான் ரெண்டும் முதன்முறையா ஒரே இடத்தில் சேர்ந்தன.

விலை விஷயத்தில் ஹேரியட்டுக்குப் பாதிதான் கிடைச்சது. ஆனா, கதையில் ஒரு கட்டத்தைக்கூட அவங்க விட்டுக்கொடுக்கலை. உங்க வீட்டிலும் பாட்டியோ அத்தையோ பழைய காட்டன் புடவையில் தைச்ச போர்வை பீரோவில் கிடக்கலாம். அடுத்த தடவை போட்டோ எடுக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் துணி யாரோடது, எப்போ தைச்சதுன்னு கேளுங்க. அவங்க பேரோடு போன்ல குறிச்சுவெச்சுக்கோங்க.