ஒரே கம்பியில் நாலு தந்தி! உழவர் மகன் எமில் பாடோ

கல்வராயன் மலை அடிவாரத்தில் விளையும் கரும்பு, கள்ளக்குறிச்சி வட்டாரத்துச் சர்க்கரை ஆலைகளுக்கு வண்டி வண்டியாகப் போகிறது. ஆலைகளில் வண்டி எடைமேடையில் ஏறி நிற்கும். மின்னணு எடைமேடை என்றால், எடைக் கருவியிலிருந்து எண்கள் ஒரு கம்பி வழியாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். அந்த வேகத்தை அளக்கும் அளவுக்கு 'பாட்' என்று பெயர். அது ஒரு மனிதரின் பெயர்!

அவர்தான் எமில் பாடோ. பிரான்சு நாட்டில் மாக்னே என்ற கிராமத்தில் 1845-ம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் விவசாயி. ஆரம்பப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றது. பிறகு வயல் வேலை.

1869-ல் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். 

அந்தக் காலத்தில் ஒருவர் தந்தி அடித்தால் கம்பி முழுவதும் அவருக்கே. அவர் கை ஓய்ந்திருக்கும் நேரத்தில் கம்பியும் சும்மா கிடக்கும். ஊர் ஊராகக் கம்பி இழுக்க எவ்வளவு செலவு! கம்பியை ஏன் பங்கு போடக்கூடாது என்று பாடோ யோசித்தார். ஆபீஸ் வேலை முடிந்த பிறகு, சொந்த நேரத்தில் ஆராய்ச்சி செய்தார். 1874-ல் காப்புரிமை பெற்றார்.

அவர் செய்த கருவி இதுதான். ஒருவருக்கு ஐந்து கட்டைகள். ஆர்மோனியக் கட்டை போல. இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. அழுத்துவதும் விடுவதுமாக 32 வகைச் சேர்க்கை கிடைக்கும். எழுத்துக்கு ஒரு சேர்க்கை. நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கை சக்கரம் போலச் சுழன்று, முதல் ஆளைத் தொடும். அடுத்து இரண்டாம் ஆள். பிறகு மூன்றாம் ஆள். தொட்ட நேரத்தில் கம்பி அவருக்குச் சொந்தம். முறை வருகிறது என்று 'டக்' என்ற சத்தம் சொல்லும். அதற்குள் கட்டையை அழுத்தியாக வேண்டும். தாளம் தப்பினால் செய்தி கெடும். எதிர் ஊரிலும் அதே வேகத்தில் இன்னொரு கை சுழல வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் தந்தி இன்னொருவர் தாளில் விழும்!

கம்ப்யூட்டருக்குள்ளும் இந்தத் தகராறு உண்டு. எடையை எதிர்பார்த்து ஒரு வேலை பின்னால் காத்திருக்கும். திரையில் காட்டும் வேலை முன்னால் நடக்கும். பாதி எண் வந்திருக்கும்போதே திரைவேலை அதை எடுத்துவிட்டால், எடை தப்பு. கரும்புக்காரருக்குக் காசு தப்பு. அதனால் முழு எண்ணும் வந்து சேர்ந்த பிறகுதான் ஒன்று மற்றதற்குக் கைமாற்றித் தரும்.

1877-ல் பாரிசுக்கும் போர்தோ நகருக்கும் இடையே பாடோவின் கருவியைச் சோதித்தார்கள். வெற்றி! மறு ஆண்டு பாரிசு உலகப் பொருட்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. பதவியும் உயர்ந்தது.

வீட்டில் மட்டும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1890 ஜனவரியில், 44-வது வயதில் கலியாணம் செய்துகொண்டார். மூன்றே மாதத்தில் மனைவி இறந்துபோனார். பாடோவுக்கும் நெடுநாளாக உடம்பு சரியில்லை. ஆனாலும் வேலையை விடவில்லை. 1903 மார்ச்சு 28-ந்தேதி, 57-வது வயதில் காலமானார்.

தந்தி வேகத்தின் அளவுக்கு அவர் பெயரை வைத்தது 1926-ல். அப்போது அவர் இறந்து 23 ஆண்டு ஆகியிருந்தது.