ஒருவருக்குக் கிடைத்ததை எல்லோருக்கும் சட்டமாக்கிய கன்னங்கரா

குடியியல் பாடத்தில் சட்டவாக்கம் பற்றிய அலகைக் கற்பிக்கும்போது மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நாட்டில் ஏற்கனவே இத்தனை சட்டங்கள் இருக்கின்றனவே, புதிய சட்டம் எதற்கு? பாடநூல் தரும் விடையைச் சொன்னால் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். ஆகவே, நான் அவர்களுக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்வதுண்டு. இலவசக் கல்வியின் தந்தை என்று நாம் அழைக்கும் கலாநிதி சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் வாழ்க்கை அது.

அவர் 1884 ஒக்டோபர் 13ஆம் திகதி அம்பலாங்கொடைக்கு அருகிலுள்ள ரன்தொம்பே கிராமத்தில் பிறந்தார். அம்பலாங்கொடை வெஸ்லியன் பாடசாலையில் படித்தார். ஒரு பரிசளிப்பு விழாவுக்குக் காலி ரிச்மண்ட் கல்லூரியின் அதிபர் ஜேம்ஸ் டரல் விருந்தினராக வந்திருந்தார். ஒரே சிறுவன் மீண்டும் மீண்டும் மேடையேறிப் பரிசு வாங்குவதைக் கண்ட அவர், இவற்றை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டு வண்டிதான் வேண்டும் என்று வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்த அறிமுகத்தின் பயனாக ரிச்மண்ட் கல்லூரிக்குச் செல்லும் புலமைப்பரிசில் கன்னங்கராவுக்குக் கிடைத்தது. அங்கே கணிதத்தில் சிறந்து விளங்கினார். கல்லூரியின் கிரிக்கெட் அணிக்கும் தலைமை தாங்கினார். பின்னர் கணித ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே சட்டம் படித்து, 1910இல் சட்டத்தரணியாகிக் காலியில் தொழில் செய்தார்.

இந்த இடத்தில் மாணவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். அன்று அந்த அதிபர் அந்த விழாவுக்கு வராதிருந்தால் என்ன நடந்திருக்கும்? வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும்.

அன்றைய கல்வி முறை இரண்டாகப் பிரிந்திருந்தது. சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்த சுயமொழிப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. ஆனால், அங்கே படித்தவர் பெரும்பாலும் கிராமத்து ஆசிரியர் பதவிக்கு மேலே போக முடியாது. அரச உத்தியோகம், வைத்தியம், சட்டம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம் வேண்டும். பிள்ளையின் எதிர்காலத்தைத் தந்தையின் பணப்பையே தீர்மானித்தது. இதற்கு இடையில் ஏழைப் பிள்ளைக்கு இருந்த ஒரே வழி, யாராவது ஒரு நல்ல மனிதரின் கண்ணில் படுவதுதான்.

தன் கண்ணில் பட்ட ஒரு பிள்ளைக்கு நல்ல மனிதர் உதவுவார். கண்ணில் படாத ஆயிரம் பிள்ளைகளுக்கு உதவி போய்ச் சேர வேண்டுமானால் அதற்குச் சட்டம் வேண்டும். தனிமனிதரின் கருணை எட்டாத இடத்துக்கு எட்டுவதற்காகவே சமூகம் புதிய சட்டத்தை ஆக்குகிறது என்பதை நான் கன்னங்கராவின் வாழ்விலிருந்தே விளங்கிக்கொண்டேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. 1931இல் டொனமூர் யாப்பின் கீழ் இந்நாட்டு ஆண்களுக்கும் பெண்களுக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. அரசாங்க சபைக்குத் தெரிவான கன்னங்கரா முதலாவது கல்வி அமைச்சரானார். வாக்கு எல்லோருக்கும் உண்டு. நல்ல கல்வி சிலருக்கு மட்டும்தான் என்ற நிலை நீடிக்க முடியாது. நாட்டை ஆள்வோரைத் தெரிவு செய்யும் உரிமையைப் பெற்ற மக்களுக்குப் பழைய ஏற்பாடு போதாமல் போயிற்று. காலம் மாறும்போது சட்டமும் மாற வேண்டியிருப்பது இதனால்தான்.

ஆனால், அந்த மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் முதலில் வந்தது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவரது காலத்தில் அவற்றின் எண்ணிக்கை 54 ஆனது. திறமையான கிராமத்துப் பிள்ளைகளை அங்கே சேர்க்கவே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தொடங்கியது. அவர் தலைமையில் இயங்கிய கல்வி விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளியானது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாக வேண்டும் என்பதே அதன் மையம்.

எதிர்ப்பும் வலுவாகவே வந்தது. செலவை எப்படித் தாங்குவது என்று அமைச்சரவைக்குள்ளேயே தயக்கம் இருந்தது. தம் சுதந்திரம் பறிபோகும் என்று மிஷனரிப் பாடசாலைகளின் முகாமையாளர்கள் அஞ்சினர். தம் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்த வாய்ப்பு எல்லோருக்கும் போவதை விரும்பாத வசதி படைத்தோரும் இருந்தனர்.

நமது சமூகத்தின் பங்கையும் இங்கே நினைவுகூர வேண்டும். கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக 1921 முதல் 1948 வரை பணியாற்றிய ரி.பி. ஜாயா அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்தார். பெரியதொரு கல்லூரியைக் கட்டி வளர்த்த அவர், தன் கல்லூரியின் நலனை மட்டும் பாராமல் அரசாங்க சபையில் இலவசக் கல்வியை ஆதரித்தார். கல்வியில் பின்தங்கியிருந்த ஒரு சமூகத்தின் பிரதிநிதிக்கு அதன் பெறுமதி நன்றாகவே தெரிந்திருந்தது. நீண்ட விவாதங்களுக்குப் பின்னர் 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1947 பொதுத் தேர்தலில் மத்துகம தொகுதியில் கன்னங்கரா தோற்றார். பதினாறு ஆண்டுகள் கல்வியமைச்சராக இருந்தவருக்கு மக்கள் கொடுத்த பதில் அது. 1952இல் அகலவத்தையிலிருந்து மீண்டும் பாராளுமன்றம் சென்று உள்ளூராட்சி அமைச்சரானார். கல்வி அமைச்சு மீண்டும் அவர் கைக்கு வரவில்லை. 1969 செப்டெம்பர் 23ஆம் திகதி காலமானார்.

அவர் பதவியிழந்தார், அவர் கொண்டுவந்த உரிமை நிலைத்தது. ஒரு அமைச்சரின் நல்லெண்ணமாக மட்டும் இருந்திருந்தால் இலவசக் கல்வியும் அவரோடு வீட்டுக்குப் போயிருக்கும். சட்டமாகிவிட்டதால் அது பின்வந்த எல்லா அரசாங்கங்களையும் கட்டுப்படுத்தியது. கூலித் தொழிலாளியின் மகனான நான் ஒரு சதமும் கட்டணம் செலுத்தாமல் படித்து, ஆசிரியர் கலாசாலை வரை சென்று, இன்று வகுப்பறையில் நிற்பது அதனால்தான். இதை வாசிப்போரில் பலரின் கதையும் இதுவாகத்தான் இருக்கும்.

எனினும், சட்டம் இருக்கிறது என்று நாம் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. பிள்ளையின் திறமையைக் கண்டெடுக்க வந்த புலமைப்பரிசில் பரீட்சை இன்று மாலை நேர வகுப்புகளின் சந்தையாகிவிட்டது. வசதிக் கட்டணமும் விழாச் செலவும் கேட்கப்படும் நாளில் பாடசாலைக்கு வராமல் நின்றுவிடும் பிள்ளைகளை நான் அறிவேன். பணப்பை மீண்டும் வகுப்பறைக் கதவருகே வந்து நிற்கிறது. கல்விச் சீர்திருத்தம் பற்றி நாடு பேசும்போதெல்லாம், எந்தப் பிள்ளைக்காக இந்தச் சட்டம் பிறந்ததோ அந்தப் பிள்ளைக்கு அதனால் என்ன கிடைக்கும் என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகமும் பழைய மாணவர் சங்கமும் பெற்றாரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளையை எவரும் காண்பார்கள். பின்வரிசையில் பேசாமல் இருக்கும் பிள்ளையையும் காண்பதற்காகவே சமூகம் சட்டம் செய்கிறது.