டாக்டருக்கு வில் சொல்லிக்கொடுத்தவர்

சாக்ஸ்டன் போப் 1875-ல் அமெரிக்காவில் பிறந்தவர். சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை கற்பித்தார். பக்கத்திலேயே பல்கலைக்கழக மியூசியம். அங்கே 1911-லிருந்து துப்புரவு வேலை பார்த்தவர் இஷி, யாஹி பழங்குடியில் மிஞ்சிய கடைசி மனிதர். அவருக்கு வைத்தியம் பார்க்கப் போன போப், அவரிடமே வில் செய்யவும் அம்பு செதுக்கவும் எய்யவும் கற்றுக்கொண்டார்.

1916-ல் இஷி காசநோயால் இறந்தார். டாக்டரால் காப்பாத்த முடியலை. ஆனால் பாடம் நிற்கவில்லை. போப் யூ மரத்தில் ஆங்கிலேயர் பாணி நெடுவில்களைத் தானே செய்தார். மியூசியத்தில் சேர்த்து வைத்திருந்த பல நாட்டு வில்களையும் எய்து பார்த்து, இழுவிசை எவ்வளவு, அம்பு போகும் தூரம் எவ்வளவு என்று அளந்து 1923-ல் வெளியிட்டார். சும்மா பார்த்துவிட்டுப் போகாமல் டெஸ்ட் பண்ணிப் பார்த்தாரே, என்ஜினியரான எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்!

அதே ஆண்டு வந்த அவருடைய வேட்டை நூலைப் படித்துப் பலர் வில்லைக் கையில் எடுத்தார்கள். அதில் முதல் அத்தியாயமே இஷியின் கதைதான். 1926-ல் போப் மறைந்தார்.

தம்பி, தங்கைகளே! லேப் அட்டெண்டர் சொல்லிக்கொடுப்பதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், அவர் பெயரோடு.